மேப்பிள் குழாயில் நான் சுற்றிய சணல்

இன்று காலை ரூட் ஒன் நெடுஞ்சாலையில் இருக்கிற ஹார்ட்வேர் கடைக்குப் போயிருந்தேன். குழாய்ச் சாமான்கள் வரிசையில் ஒரு பெரியவர் பசை டப்பா ஒன்றின் மூடியைத் திருகித் திறந்து மோந்து பார்த்தார். ஆளிவிதை எண்ணெயும் பழைய பெயிண்டும் கலந்த அந்த வாசனை நான் நின்ற இடம் வரைக்கும் வந்தது. கூடையை அங்கேயே வைத்துவிட்டு வெளியே வந்து, காரில் உட்கார்ந்து, உன்னிடம் பேச ஆரம்பித்தேன். பேசியதை இப்போது வெஸ்ட் வின்ட்சர் வீட்டுக்கு வந்து எழுதுகிறேன். நீ குறுக்கே பேச முடியாது என்பதால், முப்பது வருஷத்தில் முதல் தடவையாக ஒரு விஷயத்தை முழுசாகச் சொல்லி முடிக்கப் போகிறேன்.

பிப்ரவரி பிறந்துவிட்டது. இரவில் உறைந்து பகலில் உருகுகிற நாட்கள். உங்கள் வீட்டுச் சரிவில் மேப்பிள் மரங்களுக்குள் சாறு ஏறிக்கொண்டிருக்கும். நீ போன பிறகு வருகிற முதல் சீசன் இது. உன் வீட்டுக்காரர் போன வாரம் ஃபோன் பண்ணி, "மரத்துக்கு ட்யூப் மாட்டணுமா வேண்டாமா, நீங்களே சொல்லிடுங்க" என்றார். மாட்டலாம் என்றேன். அதற்கு வேண்டிய டேப் வாங்கத்தான் கடைக்குப் போனேன். இன்னும் வாங்கவில்லை.

கோயம்புத்தூர் காலேஜ் ஹாஸ்டலில் உன்னை என் அறையில் போட்ட நாளிலிருந்தே நமக்குள் சண்டைதான். நீ மெட்ராஸ்காரி. டம்ளரைக் கழுவிவிட்டு, கழுவிய டம்ளரை இன்னொரு தடவை கழுவுவாய். நான் பொள்ளாச்சியில் மோட்டார் பம்ப் கடை வைத்திருந்தவரின் மகள். கிரீஸ் படிந்த கையோடு முறுக்கு தின்று வளர்ந்தவள். நீ கடல் தாண்டி இந்த ஜெர்சிக்கு வந்து மருந்துக் கம்பெனியில் சேர்ந்தாய், அங்கே குழாய்களின் சுத்தத்துக்குக் கையெழுத்துப் போடுகிற வேலை. அந்த வேலை உனக்காகவே செய்து வைத்த மாதிரி இருந்தது. நான் ஐடியில் விழுந்து, நாள் பூராவும் திரையைப் பார்த்துக்கொண்டு, நமக்கும் மரை, நட்டு, போல்ட்டெல்லாம் தெரியுமே என்று மனசுக்குள் பீற்றிக்கொண்டு காலம் தள்ளினேன்.

ஈஸ்ட் பிரன்ஸ்விக் டவுன்ஹவுஸை விட்டுவிட்டு ஹன்டர்டன் பக்கம் அந்தப் பழைய வீட்டை நீங்கள் வாங்கியபோது எல்லோரும் சிரித்தோம். கோயில் தூரம், மளிகைக் கடை தூரம். நீ மட்டும் பின்னால் இருந்த சரிவையே பார்த்துக்கொண்டு நின்றாய். கராஜில் முன்னே இருந்தவர் விட்டுப்போன, மரத்தில் அடித்துச் சாறு இறக்கும் முளைகள் ஒரு பெட்டி நிறைய இருந்தன. அடுத்த குளிர்காலம் முப்பது மரத்தில் துளை போட்டோம். மரத்துக்கு மரம் மெல்லிய ட்யூப், எல்லாம் சேர்ந்து ஒரு பெரிய குழாய், கீழே ஒரு சின்ன பம்ப், அது உறிஞ்சித் தள்ளினால் தொட்டி. சாறு பார்க்கத் தண்ணீர்தான், நாக்கில் வைத்தால் இனிப்பு இருக்கிறதா என்றே சந்தேகம் வரும். நாற்பது குடம் சாறு கொதித்துச் சுண்டினால் ஒரு குடம் பாகு. அந்தப் பாகைத் தொட்டுக்கொண்டு உன் வீட்டில் அடை சாப்பிட்டவர்கள் வெல்லத்தை மறந்துபோனார்கள்.

பம்ப், ஃபில்டர், வால்வு, தொட்டி என்று மரை போட்டு இறுக்குகிற இணைப்புகள் மொத்தம் பதினாலு. அந்தப் பதினாலுக்கும் மரையில் எதைப் பூசுவது, எதைச் சுற்றுவது என்று நீ இரண்டு வாரம் ஆராய்ச்சி பண்ணினாய். ஒவ்வொரு டப்பாவையும் திருப்பித் திருப்பிப் படித்தாய். "குடிக்கிற தண்ணிக்குன்னு இதுல போட்டிருக்கா பாரு. போடலைன்னா கீழ வை" என்று கடையில் என்னை விரட்டினாய். கடைசியில் தேர்ந்தெடுத்தது வெள்ளை டெஃப்லான் டேப், கொஞ்சம் தடிமனானது. மரையின் முனையிலிருந்து பார்த்தால் கடிகாரம் சுற்றுகிற திசையில் மூன்று சுற்று. முதல் மரையை வெறுமையாக விட வேண்டும், இல்லாவிட்டால் டேப் பிய்ந்து சாற்றோடு போகும். பிளாஸ்டிக்கில் இறுக்கும்போது கை முரட்டுத்தனம் கூடாது, விரிசல் விடும். ஒரு தடவை கழற்றினால் பழைய டேப்பை உரித்துவிட்டுப் புதிதாகச் சுற்ற வேண்டும்.

"எங்க கடையில சணலைப் பிரிச்சு மரையில சுத்தி, மேல வெள்ளைப் பசையைத் தடவி ஒரே இறுக்கு இறுக்குவாங்க. இருபது வருஷம் சொட்டாது" என்றேன்.

"அது கிணத்துப் பம்ப்புடி. இது சாப்பாடு. நாக்குல வெக்க மாட்டேன்னா மரையிலயும் வெக்கக் கூடாது" என்றாய்.

இரண்டு சீசன் உன் சட்டப்படிதான் ஓடியது. பாகு தங்கமாக வந்தது. நான் உன்னைக் கேலி பண்ணிக்கொண்டே மூன்று சுற்று சுற்றினேன்.

அந்தக் கோடையில் உனக்கு வியாதி என்று தெரிந்தது. இலையுதிர் காலம் முழுக்க கீமோ. முடி போனதை நீ பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, நாக்கு போனதைத்தான் தாங்க முடியவில்லை. காபி இரும்பு மாதிரி இருக்கிறது என்றாய், இட்லி அட்டை என்றாய். கீமோ முடிந்த ஜனவரியில் டாக்டர், சில வாரத்தில் ருசி திரும்பிவிடும் என்று சொல்லியிருந்தார். நீ அதைப் பிடித்துக்கொண்டாய். மோர் சாதத்தை மட்டும் விழுங்கிக்கொண்டு, "வேற எதையும் டேஸ்ட் பண்ணப் போறதில்ல. இந்த வருஷ பாகுதான் எனக்கு டெஸ்ட்" என்றாய். உன் வீட்டுக்காரர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. நீ ஒன்றைத் தீர்மானித்தால் எப்படி இருப்பாய் என்று எனக்குத் தெரியும்.

அதனால் அந்த வருஷம் குழாய் மாட்டுகிற வேலை முழுக்க என் தலையில். நீ மாடி ஜன்னலில் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்து பார்த்தாய். நான் சோம்பேறித்தனமாக, போன வருஷ இணைப்புகளைப் பழைய டேப்போடு அப்படியே மாட்டினேன். பம்ப் காற்றை இழுத்தது. தண்ணீர்க் குழாயில் கசிவு என்றால் வெளியே சொட்டும், பார்த்துப் பிடிக்கலாம். இங்கே பம்ப் உறிஞ்சுவதால் கசிவு உள்நோக்கி இழுக்கும், எங்கே என்றே தெரியாது. கண்ணாடி போன்ற ட்யூபுக்குள் குமிழ் குமிழாக ஓடியதுதான் தெரிந்தது. நல்ல வெயில், சாறு பெருகுகிற நாள், எல்லாம் வீணாகிறது. எனக்குக் கோபம் உன் டேப் மேல்தான் வந்தது.

கராஜில் பழைய சாமான்களுக்கு நடுவே ஒரு பசை டப்பா இருந்தது. நீராவிக் குழாய்க்கு, எண்ணெய்க் குழாய்க்கு என்று எழுதியிருந்தது. குடிநீருக்கு என்று எங்கும் இல்லை, நான் தேடவும் இல்லை. சணலுக்கு எங்கே போவது? காரின் பின்னால் உங்கள் வீட்டுக்கு வாங்கி வந்த பாஸ்மதி அரிசிப் பை கிடந்தது. சணல் பை. அதன் ஓரத்தைப் பிரித்து இழை இழையாக உருவினேன். பொள்ளாச்சிக் கடையில் ஆட்கள் செய்கிற மாதிரியே தொடையில் வைத்துத் திரித்து, மரையில் சுற்றி, பசையைத் தாராளமாகத் தடவி, பதினாலையும் இறுக்கினேன். குமிழ் ஒன்றுகூட இல்லை. அப்பா இருந்திருந்தால் தட்டிக் கொடுத்திருப்பார் என்று நினைத்தேன். மேலே ஜன்னலைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினேன். நீயும் உயர்த்தினாய்.

அந்த வாரம் ஓடிய சாறு முழுவதையும் காய்ச்சினோம். சனிக்கிழமை உன் வீட்டுக்காரர் அடை வார்த்தார். அவர் சர்க்கரைக்காரர், பாகைத் தொட மாட்டார். உன் மகள் விமானத்தில் போகிற தூரத்தில், ஃபிரிஸ்கோவில் வேலையில் இருந்தாள். மேஜையில் நீயும் நானும்தான். நீ அடையைப் பிய்த்து, பாகில் தோய்த்து, கண்ணை மூடிக்கொண்டு மென்றாய். நான் உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். முகம் சுருங்கியது. மெதுவாக விழுங்கினாய்.

"பெயிண்ட் மாதிரி இருக்குடி" என்றாய். "இன்னும் வரல."

தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து மாடிக்குப் போனாய். கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக ஏறினாய். அதற்குப் பிறகுதான் நான் ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். ஆளிவிதை எண்ணெய், பெயிண்ட், ஈரக் கோணி. நாற்பதில் ஒன்றாகச் சுண்டியதில், மரைக்குள் நான் அப்பியதெல்லாம் நாற்பது மடங்காகி வந்திருந்தது. பச்சைச் சாற்றில் யாருக்கும் தெரிந்திருக்காது. உன் நாக்குக்கு ஒன்றும் இல்லை. அது சரியாகத்தான் சொன்னது.

நான் அப்போதே மாடிப்படி ஏறி வந்து சொல்லியிருக்க வேண்டும். ஏறி வந்தேன். கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாய். "வரும்டி, அவசரப்படாதே" என்று சொன்னேன். உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன், வந்தது இதுதான். பம்ப் கடைக்காரர் மகளுக்கு மரை கட்டத் தெரியவில்லை என்று ஒத்துக்கொள்ள அன்றைக்கு எனக்கு மனம் வரவில்லை. காரணம் அவ்வளவுதான், வேறு பெரிய காரணம் ஒன்றும் கிடையாது.

லேபிள் ஒட்டித் தருகிறேன் என்று பாட்டில்களை எல்லாம், பசை டப்பாவையும் சேர்த்து, என் வீட்டுக்கு அள்ளிக்கொண்டு போனேன். மறுநாளே வந்து, பதினாலு இணைப்பையும் கழற்றி, பசை பட்டதைத் தூக்கிப் போட்டு, புதிது வாங்கி, உன் டேப்பை உன் திசையில் மூன்று சுற்று சுற்றினேன். நல்ல பாகு காய்ச்சி, பழைய பாட்டில்களுக்குப் பதிலாக வைத்துவிட்டால், அடுத்த வாரம் உனக்கு ருசி 'வந்துவிடும்', யாருக்கும் எதுவும் தெரியாது. இதுதான் என் திட்டம். ஆனால் அன்றிலிருந்து குளிர் விட்டுப்போய் இரவும் பகலும் சூடேற ஆரம்பித்தது. இரவில் உறையவே இல்லை. சாறு நின்றது. தினமும் வெதர் ஆப்பைத் திறந்து திறந்து பார்த்தேன். பத்து நாள் போனது. மரங்களில் மொட்டு சிவந்தது. சீசன் முடிந்துவிட்டது.

அந்த நாட்களில் நீ சாப்பாட்டை வாயில் நிறுத்தவே இல்லை. மாத்திரை போல விழுங்கினாய். டாக்டர் ஆபீஸுக்கு ஃபோன் பண்ணிக் கேட்டபோது, சில பேருக்கு முழுசாகத் திரும்பாமலும் போகலாம் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். உன் வீட்டுக்காரர் என்னிடம், "அழ மாட்டா, தெரியும்ல. நேத்து சிங்க்ல நின்னு அழுதா" என்றார். ஃபோனை வைத்துவிட்டு நான் என் கராஜில், அந்தப் பாட்டில்களுக்கு முன்னால் போய் நின்றேன்.

பதினோராவது நாள், லஞ்ச் நேரத்தில் வேலையை விட்டுவிட்டு, ஒரு பாட்டிலையும் அந்தப் பசை டப்பாவையும் எடுத்துக்கொண்டு உன் வீட்டுக்கு ஓட்டினேன். டப்பாவை உன் முன்னால் வைத்தேன். அரிசிப் பை முதல் எல்லாவற்றையும் சொன்னேன். "உன் நாக்கு நல்லாத்தான் இருக்கு. பாகுதான் நல்லா இல்ல. அன்னைக்கே தெரியும் எனக்கு."

டப்பாவைத் திறந்து மோந்தாய். பாட்டிலை வாங்கி விரல் நுனியில் ஒரு பொட்டு எடுத்து நாக்கில் வைத்தாய். ரொம்ப நேரம் வைத்திருந்தாய்.

"பெயிண்ட்" என்றாய். "அதுக்குக் கீழ கோணி." இன்னும் கொஞ்ச நேரம். "அதுக்கும் கீழ மேப்பிள் இருக்குடி. இருக்கு."

எழுந்து ஃப்ரிட்ஜைத் திறந்தாய். நின்றபடியே நாரத்தங்காய் ஊறுகாய், தக்காளித் தொக்கு, முந்தாநாள் ரசம் என்று எல்லாவற்றிலும் ஸ்பூனை விட்டாய். ஒவ்வொன்றுக்கும் பெயர் சொல்லிக்கொண்டே சாப்பிட்டாய். கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கவே இல்லை. காபி போடச் சொன்னாய். போட்டேன். டிகாக்ஷன் தண்ணியாக இருக்கிறது என்று திட்டினாய். அந்தத் திட்டைப் போல இனிப்பான ஒன்றை நான் கேட்டதில்லை.

காபியைக் குடித்து முடித்த பிறகுதான் என்னைப் பார்த்தாய். "பதினோரு நாள்" என்றாய். குரல் உயரவில்லை. "எனக்கு எத்தனை நாள் இருக்குன்னு உனக்குத் தெரியுமா? எனக்கும் தெரியாது. அதுல பதினொண்ண நீ எடுத்துண்டுட்டே. பசைக்காக இல்லடி, அது யாருக்கும் ஆகும். உன் மானத்துக்காக." நான் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தேன். போ என்றாய். வந்துவிட்டேன்.

மூன்று வாரம் நீ பேசவில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஃபோன். "ஹலோ" கூட இல்லை. "அடுத்த சீசன் நானே சுத்தறேன். நீ ட்யூபை மட்டும் பிடிச்சுண்டு நில்லு" என்றாய். அப்படியேதான் செய்தாய். ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு, கையுறையைக் கழற்றிவிட்டு, பதினாலையும் நீயே சுற்றினாய். நான் ட்யூபைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த சீசன் பாகைப் போல அதற்கு முன்னால் வந்ததே இல்லை.

அது போன வருஷம். மார்ச்சில் எடுத்த ஸ்கேனில் வியாதி திரும்பவும் வந்திருந்தது.

மே மாதம் கட்டிலைக் கீழே ஃபேமிலி ரூமுக்குக் கொண்டுவந்து போட்டிருந்தார்கள். வருகிற அங்கிள்களும் ஆன்ட்டிகளும் "யூ லுக் குட்" என்று சொல்லி, பிரசாதத்தைக் கையில் வைத்து, ஒன்றும் ஆகாது என்றுவிட்டுப் போனார்கள். உன் வீட்டுக்காரரும் அதைத்தான் சொன்னார், சொல்லாவிட்டால் அவர் நொறுங்கிப்போயிருப்பார். ஃபிரிஸ்கோவில் இருந்த உன் மகளிடமும் மருந்து வேலை செய்கிறது என்றே சொல்லி வைத்திருந்தார்கள். ஒரு மத்தியானம் எல்லோரும் போன பிறகு என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னாய்.

"அடுத்த சீசனுக்கு நான் இருப்பேனாடி?"

வெளியே பக்கத்து வீட்டில் புல் வெட்டுகிற சத்தம். என் நாக்கு அதே பழைய வார்த்தைக்குத்தான் போனது. அவசரப்படாதே, அது இது. உன் முகத்தைப் பார்த்தேன்.

"இருக்க மாட்டேன்னு தோணுது" என்றேன்.

நீ கண்ணை மூடிக்கொண்டாய். நான் என்ன பாவம் செய்துவிட்டேனோ என்று உன் போர்வையை இழுத்துச் சரிசெய்தேன். நீ அந்தக் கையைப் பிடித்தாய். "அப்பாடா" என்றாய். "எல்லாரும் நீ இருப்பே இருப்பேன்னே சொன்னா, யார்கிட்ட போய் எதைச் சொல்லிட்டுப் போறது? என் பொண்ணை வரச் சொல்லு. நீயே சொல்லு, அவரால முடியாது."

நான்தான் ஃபோன் பண்ணினேன். அந்தச் சனிக்கிழமையே வந்தாள். நீங்கள் இருவரும் கதவைச் சாத்திக்கொண்டீர்கள். நானும் உன் வீட்டுக்காரரும் சமையலறையில் உட்கார்ந்திருந்தோம். அவர் என்னிடம் கோபமாக இருந்தார், அது நியாயம்தான். முதலில் உன் மகள் அழுகிற சத்தம் கேட்டது. அப்புறம் இரண்டு பேரும் சிரிக்கிற சத்தம். எதற்கு என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அவர் முகத்தை மூடிக்கொண்டார். அவள் ஃபிரிஸ்கோவுக்குத் திரும்பவில்லை. லேப்டாப்பை உன் கட்டில் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு வேலை பார்த்தாள், ஜூலையில் நீ போகிற வரைக்கும்.

அந்தப் பதினோரு நாளுக்கு இது பரிகாரம் என்று நான் நினைக்கவில்லை. அது போனது போனதுதான். எதையாவது மறைக்கலாம் என்று தோன்றும்போதெல்லாம் நீ மாடிப்படி ஏறிய முதுகுதான் கண் முன்னால் வருகிறது. அதனால் இப்போதெல்லாம் தப்பு செய்தால் அன்றைக்கே சொல்லிவிடுகிறேன். ஆபீஸில் எனக்கு இதனால் நல்ல பெயர் இல்லை. கேட்கிறவர்களுக்குப் பிடிக்காத பதிலைச் சொல்லும்போது இன்னமும் நாக்கு முதலில் அந்தப் பழைய வார்த்தைக்குத்தான் போகிறது.

நேற்று உன் மகள் ஃபோன் பண்ணினாள். மரத்துக்கு ட்யூப் மாட்ட அடுத்த சனிக்கிழமை வருகிறாளாம். பேசிக்கொண்டே இருந்தவள் நடுவில் நிறுத்தி, "ஆன்ட்டி, ஆர் யூ ஓகே?" என்று கேட்டாள். ஐ ஆம் ஃபைன் கண்ணா என்று சொல்லியிருக்கலாம். அவளுக்கும் அது சுலபமாக இருந்திருக்கும்.

"இல்லம்மா" என்றேன். "உங்கம்மா இல்லாம ரொம்ப கஷ்டமா இருக்கு. பழகும்னு சொல்றாங்க, பழகல."

நாம் தமிழில் எவ்வளவு கேட்டாலும் இங்கிலீஷிலேயே பதில் சொல்கிறவள், சின்ன வயசிலிருந்து அப்படித்தான் என்று உனக்குத் தெரியும். மூச்சை இழுத்துவிட்டு, ஒவ்வொரு வார்த்தையாகத் தேடிச் சொன்னாள்.

"எனக்கும் பழகல, ஆன்ட்டி."